விதை வாரம்: புளியங்கொட்டையும் ஒன்றேகால் அங்குலக் குழாயும்

ஆடி மாதம் வந்தால் எங்கள் ஊரில் பாதி வீடுகளின் திண்ணையில் மல்லாட்டை குவிந்து கிடக்கும். விதைப்புக்காகப் பெண்கள் கூட்டமாக உட்கார்ந்து உடைப்பார்கள். தென்மாவட்ட ஆசிரியர்களுக்காகச் சொல்கிறேன், மல்லாட்டை என்றால் வேர்க்கடலை. மணிலாக்கொட்டை என்ற பெயர் விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கம் தேய்ந்து மல்லாட்டை ஆகிவிட்டது. என் வகுப்புக் குழந்தைகள் அந்தக் குவியலின் ஓரத்திலிருந்துதான் எழுந்து பள்ளிக்கு வருகிறார்கள். பாவாடை மடிப்பில் தோல், சட்டைப் பையில் நான்கு பருப்பு, விரலில் மண். அந்த விரல்களை வைத்து என்ன கற்பிக்கலாம் என்று யோசித்ததில் பிறந்ததுதான் விதை வாரம். அந்த வாரத்தில் எது பலித்தது, எது ஏறக்குறைய விபரீதமாகிப் போனது, அதன்பின் எதை மாற்றினேன் என்பதை எழுதினால் என்னைப் போன்ற மழலையர் வகுப்பு ஆசிரியர்களுக்கு உதவும் என்று தோன்றியது.

அரசு நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இயங்கிய 2,381 அங்கன்வாடி மையங்களில் 2019ஆம் ஆண்டு எல்.கே.ஜி., யு.கே.ஜி. வகுப்புகள் தொடங்கப்பட்டதை அறிவோம். அப்படி ஒரு வகுப்புக்கு வரும்வரை நான் ஐந்தாம் வகுப்பு எடுத்துக்கொண்டிருந்தவள். பத்து வயதுக் குழந்தையிடம் "கவனி" என்றால் கவனிக்கும். மூன்றரை வயதுக் குழந்தை கவனிக்க ஏதாவது ஒன்று அதன் கையில் இருந்தாக வேண்டும். இதைப் புரிந்துகொள்ளவே எனக்கு ஒரு பருவம் ஆனது.

முதல் ஆண்டில் எல்லோரையும் போல நானும் வண்ண நாள் கொண்டாடினேன். சிவப்பு நாளில் தக்காளி, பச்சை நாளில் வெண்டைக்காய், மஞ்சள் நாளில் மஞ்சள் உடை. படங்கள் நன்றாக வந்தன. மஞ்சள் நாளன்று ஒரு சிறுமி பள்ளிக்கு வரவில்லை. மறுநாள் கேட்டபோது, "என்னாண்ட மஞ்சா கவுனு இல்ல டீச்சர்" என்றாள். அதோடு வண்ண நாளை நிறுத்திவிட்டேன். அவளை வரவிடாமல் செய்தது ஒரு பக்கம் இருக்க, உண்மையில் அன்று வந்த குழந்தைகளும் மஞ்சளைப் பற்றி எதையும் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. மஞ்சள் என்று அவர்களுக்கு ஏற்கெனவே தெரியும். அலங்காரத்தை நான் செயல்பாடு என்று எண்ணிக்கொண்டிருந்தேன். 'அ' என்று பெரிதாக எழுதி அதன்மேல் பசை தடவிப் பயறு ஒட்டச் சொல்வதும் இந்த வகைதான் என்பது என் கருத்து. குழந்தையின் விரலுக்கு வேலை இருக்கிறது, அதை மறுக்கவில்லை. ஆனால் பயறுக்குப் பதில் மணல் ஒட்டினாலும் அந்தப் பாடம் மாறாது. கருப்பொருள் விதை என்றால், விதையால் மட்டுமே நடக்கக்கூடிய ஏதோ ஒன்று அங்கே நடக்க வேண்டும்.

விதை வாரத்துக்கு முந்திய வெள்ளிக்கிழமை, வீட்டிலிருந்து ஏதாவது ஒரு விதை கொண்டு வரச் சொன்னேன். திங்களன்று வந்து குவிந்ததைப் பார்த்து மகிழ்ச்சியும் பயமும் ஒன்றாக வந்தன. மல்லாட்டை, புளியங்கொட்டை, மொச்சை, பச்சைப்பயறு, கொண்டைக்கடலை, மாங்கொட்டை, பனங்கொட்டை. கூடவே ஒரு சிறுமி மருந்து டப்பாவில் குன்றிமணி கொண்டு வந்திருந்தாள். போன பிள்ளையார் சதுர்த்திக்குக் களிமண் பிள்ளையாருக்குக் கண் வைத்ததில் மிஞ்சியது. இன்னொரு பையனிடம் ஆமணக்கு விதை. இரண்டும் பார்க்க அழகு, இரண்டும் நஞ்சு. குன்றிமணியின் மேலோடு உடையாமல் விழுங்கினால் பெரும்பாலும் அப்படியே வெளியேறிவிடலாம். கடித்து மென்றுவிட்டால் உயிருக்கே ஆபத்து. ஊமத்தை, அரளி விதைகளும் அப்படியே. விதை சேகரிப்பு செய்யும் ஆசிரியர்கள் குழந்தைகள் கொண்டுவரும் ஒவ்வொன்றையும் முதலில் தாங்களே பார்த்துப் பிரித்துவிட வேண்டும். குன்றிமணியை அந்தச் சிறுமியின் பாட்டியிடமே திருப்பிக் கொடுத்து, எட்டாத இடத்தில் வைக்கச் சொன்னேன். "நாங்கல்லாம் இதுலதான் வெளயாடுனோம்" என்றார் பாட்டி. ஆனாலும் வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார்.

படஅட்டையில் வேர்க்கடலைப் படத்துக்குக் கீழே வேர்க்கடலை என்று அச்சிட்டிருந்தது. நான் அதைப் படித்துக் காட்டியதும் யு.கே.ஜி. சிறுவன் ஒருவன் மறுத்தான். "இது வேர்க்கடல. எங்க வூட்ல இருக்கறது மல்லாட்ட." இரண்டும் வேறு வேறு பொருள் என்று அவன் முடிவு செய்துவிட்டான். உண்மையான மல்லாட்டையை எடுத்துப் படத்தின் மேல் வைத்துக் காட்டியபிறகும் அரை மனதோடுதான் ஒப்புக்கொண்டான். அட்டையில் மல்லாட்டை என்றும் எழுதி ஒட்டினேன். நம் புத்தகச் சொல்லுக்கும் குழந்தையின் வீட்டுச் சொல்லுக்கும் இடையே இப்படி எத்தனை பொருள்கள் இரண்டிரண்டாகக் கிடக்கின்றனவோ!

அன்று மதியம் கொட்டாங்குச்சிகளில் மண் நிரப்பி ஆளுக்கு ஒரு விதை ஊன்றினோம். எதை ஊன்றுவது என்பது அவரவர் விருப்பம். சன்னல் திண்டில் வரிசையாக வைத்தோம்.

புளியங்கொட்டை யு.கே.ஜி. குழந்தைகளுக்கு. இது என் கண்டுபிடிப்பு இல்லை, தாயம் விளையாடிய எல்லோருக்கும் தெரிந்ததுதான். கொட்டையின் ஒரு பக்கத்தைச் சிமெண்ட் தரையில் தேய்த்தால் வெள்ளை தெரியும், மறுபக்கம் கருப்பாகவே இருக்கும். தேய்க்கும் வேலையைக் குழந்தைகளிடமே விட்டேன். கொஞ்ச நேரம் தேய்த்தால் கொட்டை சூடாகும். அதைக் கையில் பட வைத்து நண்பனைத் துள்ள வைப்பது அவர்களுக்குத் தனி விளையாட்டு. ஆளுக்கு 5 கொட்டை. உள்ளங்கையில் குலுக்கிப் பாயில் போட வேண்டும். எத்தனை வெள்ளை, எத்தனை கருப்பு என்று சொல்ல வேண்டும். மூன்று வெள்ளை, இரண்டு கருப்பு. ஒரு வெள்ளை, நான்கு கருப்பு. எல்லாம் வெள்ளை, கருப்பே இல்லை. 5 என்ற எண்ணை இரண்டு பங்காகப் பிரிக்க 0 வெள்ளையிலிருந்து 5 வெள்ளை வரை 6 வழிகள்தான் உண்டு. இருபது முறை போட்டால் அவை திரும்பத் திரும்ப வந்துகொண்டே இருக்கும். முதலில் ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணினார்கள். இரண்டாம் நாள் வெள்ளையை மட்டும் பார்த்துவிட்டுக் கருப்பைப் பார்க்காமலே சொல்லத் தொடங்கினார்கள்.

எனக்கு உண்மையில் நம்பிக்கை வந்தது ஒரு சின்ன நிகழ்ச்சியில். ஒரு சிறுமி கொட்டைகளைப் போட்டாள். பார்த்தாள். "ரெண்டு வெள்ள, ரெண்டு கருப்பு" என்றவள் உடனே பாயின் ஓரத்தைத் தூக்கி உள்ளே தேடினாள். "ஒன்னு காணோம் டீச்சர்." நான்கைச் சேர்த்து எண்ணவில்லை, ஐந்து என்று யாரும் நினைவுபடுத்தவில்லை. இரண்டும் இரண்டும் ஐந்துக்குக் குறைவு, குறைவது ஒன்று என்பது அவள் கண்ணுக்கே தெரிந்துவிட்டது. மரியா மாண்டிசோரி 1939இல் சென்னை அடையாறுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தவர். தவறு நேர்ந்தால் அதைக் குழந்தைக்குப் பொருளே காட்டிக்கொடுக்க வேண்டும், ஆசிரியர் சொல்லக் கூடாது என்பது அவர் வலியுறுத்திய ஒன்று. அவருடைய மரச் சாதனங்களின் விலைக்கு நாம் போக முடியாது. ஐந்து புளியங்கொட்டை அந்த வேலையைச் செய்கிறது.

எல்.கே.ஜி.க்கு வகைப்படுத்துதல். தட்டில் நான்கு வகை விதைகளைக் கலந்து வைத்து, நான்கு கொட்டாங்குச்சிகளில் பிரிக்கச் சொன்னேன். புதன்கிழமை. குழந்தைகள் அமைதியாக உட்கார்ந்து பொறுக்கிக்கொண்டிருந்தார்கள். அந்த அமைதியை நம்பி, கைபேசியில் வருகைப் பதிவை ஏற்றப் பக்கத்து மேசைக்குப் போனேன். ஐந்து நிமிடம் இருக்கலாம். ஒரு சிறுமி வந்து என் புடவையை இழுத்தாள்.

"டீச்சர், அவன் மூக்குல கடல நட்டுட்டான்."

திங்கள் முதல் நட்டேன், நட்டேன் என்று பேசிக்கொண்டிருந்த குழந்தைகள். அவள் சொன்னது எனக்கு ஒரு நொடி விளங்கவில்லை. திரும்பிப் பார்த்தால் அந்தச் சிறுவன் அழவும் இல்லை, பயப்படவும் இல்லை. ஒரு விரலால் வலது நாசியைத் தடவிக்கொண்டிருந்தான். உள்ளே கொண்டைக்கடலை தெரிந்தது. என் கை தானாகக் கொண்டை ஊசிக்குப் போனது. அங்கன்வாடி உதவியாளர் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "நோண்டாதம்மா. உள்ள பூடும்." அன்று அவர் அங்கே இல்லாதிருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்பதை இன்றும் நினைத்துப் பார்க்க விரும்புவதில்லை.

வாயால் மூச்சு விடச் சொல்லி, தலைமையாசிரியரிடம் தகவல் சொல்லி, வண்டியில் நான் ஓட்ட, அக்கா பின்னால் அவனை மடியில் வைத்துக்கொள்ள ஆரம்ப சுகாதார நிலையம் போனோம். நூறு நாள் வேலையில் ஏரிக்கரையில் இருந்த அவன் அம்மாவும் மண்வெட்டிக் கையோடு வந்து சேர்ந்தார். மருத்துவர் அவரையே உட்கார வைத்தார். பையனின் அடைபடாத நாசியைத் தன் விரலால் அழுத்திக்கொண்டு, அம்மா தன் வாயைப் பையனின் வாயோடு சேர்த்து வைத்துச் சட்டென்று ஊதச் சொன்னார். முதல் முறை ஒன்றும் நடக்கவில்லை. இரண்டாம் முறை கடலை வெளியே வந்து விழுந்தது. எங்கள் மூவருக்கும் கண் கலங்கிவிட்டது, அவன் மட்டும் கீழே குனிந்து கடலையைத் தேடினான்.

மருத்துவர் சொன்னவற்றை இங்கே எழுதிவிடுகிறேன். மூக்கிலோ காதிலோ போன பொருளை விரல், ஊசி, குச்சி எதனாலும் நாம் எடுக்க முயலக் கூடாது, இன்னும் உள்ளே தள்ளிவிடுவோம். தண்ணீர் ஊற்றவே கூடாது. பயறு, கடலை வகைகள் ஈரத்தில் ஊறிப் பெருக்கும், அதனால் தாமதிக்காமல் மருத்துவமனைக்குப் போக வேண்டும். குழந்தையை மிரட்டி அழ வைத்தால் மூச்சை உள்ளே இழுக்கும், அமைதியாக வைத்திருக்க வேண்டும். அம்மா ஊதும் முறையும் மருத்துவர் முன்னிலையில் செய்ய வேண்டியது, வகுப்பறையில் நாம் முயல்வதற்கு அல்ல. மூச்சுத் திணறலோ இடைவிடாத இருமலோ இருந்தால் பொருள் மூச்சுக்குழாய்க்குப் போயிருக்கலாம். அப்போது 108ஐ அழைக்க ஒரு நொடியும் தாமதிக்கக் கூடாது. இன்னொன்றும் சொன்னார். ஐந்து வயதுக்குக் கீழ் முழு வேர்க்கடலையைத் தின்னக் கொடுக்காதீர்கள், தொண்டையில் சிக்கும் பொருள்களில் அது முக்கியமானது. மல்லாட்டை ஊரில் இருந்துகொண்டு இது எனக்குத் தெரியாமல்தான் இருந்தது.

திரும்பும்போது அந்த அம்மா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். "எழுத்து கத்துக்கும்னுதான் டீச்சர் அனுப்பறேன். எங்க வூட்ல இல்லாத மல்லாட்டயா, கொட்டயா? அத வெச்சி வெளயாட இங்க எதுக்கு வரணும்?" என்றார். எனக்குப் பதில் வரவில்லை. அன்று அந்தக் கேள்விக்கு என்னிடம் உண்மையாகவே பதில் இல்லை.

மறுநாள் எல்லா விதையையும் டப்பாவில் போட்டு பீரோவில் வைத்துப் பூட்டினேன். நோட்டைக் கொடுத்து 'அ' எழுதச் சொன்னேன். அந்த ஒரு வாரம் பெற்றோர் யாரும் என்னிடம் குறை சொல்லவில்லை. நோட்டைப் புரட்டிப் பார்த்து முகம் மலர்ந்தவர்களும் உண்டு. எனக்கும் வேலை எளிது. ஆனால் எல்.கே.ஜி. குழந்தைகள் பென்சிலை ஐந்து விரலாலும் இறுகப் பிடித்து, தோளிலிருந்து கையை அசைத்து எழுதுவதைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மணிக்கட்டில் 8 சிறிய எலும்புகள் உண்டு. மூன்று, நான்கு வயதில் அவற்றில் ஏறத்தாழ பாதிதான் எலும்பாக இறுகியிருக்கும், மற்றவை இன்னும் குருத்தெலும்புதான். அந்தக் கையிடம் கோட்டுக்குள் எழுது என்கிறோம். அதே கை, மல்லாட்டையைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து அழுத்திப் பட்டென்று உடைக்கும்போது, பென்சில் பிடிக்கத் தேவையான பிடியைத் தானாகக் கற்றுக்கொண்டிருக்கிறது. இதை அந்த அம்மாவிடம் சொல்லியிருக்கலாம் என்று தோன்றியது. ஆனால் அது அவர் கேட்ட கேள்விக்கு முழுப் பதில் ஆகாது. விரல் பலம் வீட்டுத் திண்ணையிலேயே கிடைத்துவிடுமே.

பீரோவைப் பூட்டிய நான் சன்னல் திண்டை மறந்துவிட்டேன். குழந்தைகள் மறக்கவில்லை. தினமும் வந்ததும் பையைக் கீழே வைக்குமுன் அங்கேதான் போனார்கள். பச்சைப்பயறு வியாழனன்றே தலை தூக்கியது. அடுத்த திங்கள், செவ்வாய்க்குள் கொண்டைக்கடலையும் மல்லாட்டையும் வந்துவிட்டன. ஒரு கொட்டாங்குச்சியில் மட்டும் ஒன்றும் இல்லை. படஅட்டையை மறுத்துப் பேசிய அதே சிறுவனுடையது. அவனும் மல்லாட்டைதான் ஊன்றியிருந்தான். நோட்டு நேரத்தில் அவன் எழுதாமல் சன்னலையே பார்த்துக்கொண்டிருக்க, மற்றவர்களும் பேச ஆரம்பித்துவிட்டார்கள். ஒருவன், "தண்ணி ஊத்தல" என்றான். இல்லை, எல்லோரையும் விட அதிகமாக ஊற்றினான் என்று இன்னொருவன் சாட்சி சொன்னான். எலி தின்றுவிட்டது என்றாள் ஒருத்தி. நான் நோட்டை மூடச் சொன்னேன். கொட்டாங்குச்சியைத் தாளில் கவிழ்த்தோம். பருப்பு அங்கேயே இருந்தது. கொழகொழத்து, வெள்ளைப் பூசணம் பிடித்து, கூடவே எறும்பு.

"நீ எங்கிருந்துடா எடுத்த இத?"

"பையில இருந்துது."

பாட்டி வறுத்துக் கொடுத்த மல்லாட்டை அது.

"வறுத்துட்டா செத்துடும்" என்றாள் பாயின் கீழே கொட்டை தேடிய சிறுமி. "அப்ப வேக வெச்சா?" என்று கேட்டான் அவன். யாருக்கும் தெரியவில்லை. நான் தெரிந்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. மூன்று கொட்டாங்குச்சி எடுத்து, ஒன்றில் பச்சை, ஒன்றில் வறுத்தது, ஒன்றில் அவித்தது என்று ஊன்றினோம். அடையாளத்துக்கு என்ன செய்வது என்று கேட்டதற்கு, வறுத்ததற்கு அடுப்புப் படமும் அவித்ததற்குக் குண்டான் படமும் போட்டார்கள். பச்சைக்கு ஒன்றுமே போட வேண்டாம் என்று முடிவானது. அந்த நிமிடத்தில்தான் அந்த அம்மாவின் கேள்விக்கு எனக்கு ஒரு பதில் கிடைத்தது. வீட்டில் மல்லாட்டை இருக்கிறது. பக்கத்தில் பத்துக் குழந்தைகள் தங்கள் தங்கள் மல்லாட்டையோடு உட்கார்ந்து, உன்னுடையது முளைத்தது, என்னுடையது ஏன் முளைக்கவில்லை என்று கேட்க வீட்டில் வழியில்லை. அந்தக் கேள்வியைக் கேட்கவும், ஒரு வாரம் காத்திருந்து பதிலைப் பார்க்கவும்தான் இங்கே வர வேண்டும்.

வளர்ச்சியைக் குறிக்க ஈர்க்குச்சி வைத்துக்கொண்டோம். தினமும் காலையில் செடியின் பக்கத்தில் ஈர்க்குச்சியை நிறுத்தி, செடி உயரத்துக்கு நான் கத்தரிப்பேன். குழந்தை அதைச் சுவரில் உள்ள தாளில் நேற்றைய குச்சிக்குப் பக்கத்தில் ஒட்டும். அடியை ஒரே கோட்டில் வைத்து ஒட்ட வேண்டும் என்பது மட்டும்தான் விதி. பத்தே நாளில் படிக்கட்டு போல ஒரு வரைபடம் சுவரில் வந்துவிட்டது. அளவுகோல், எண், சென்டிமீட்டர் எதுவும் தேவைப்படவில்லை. வறுத்தது, அவித்தது இரண்டின் வரிசையிலும் ஒரு குச்சிகூட இல்லை. அந்த வெற்றிடத்தைக் காட்டி வருவோர் போவோரிடமெல்லாம் விளக்கம் சொன்னார்கள். ஐந்தாம் வகுப்பில் பட்டை விளக்கப்படம் கற்பிக்க நான் பட்ட பாட்டை நினைத்துக்கொண்டேன்.

ஆனால் பீரோவைப் பழையபடி திறந்துவிட முடியாது. மூன்று வயதுக்குக் கீழான குழந்தைகளின் விளையாட்டுப் பொருள்களைச் சோதிக்க ஏறத்தாழ 3.2 செ.மீ. அகலமுள்ள உருளை ஒன்றைப் பயன்படுத்துகிறார்கள். அதற்குள் முழுதாக அடங்கும் எதுவும் அந்த வயதுக்கு ஆகாது. நம் குழந்தைகள் மூன்றைத் தாண்டியவர்கள்தான். ஆனால் நடந்ததற்குப் பின் நான் அந்தக் கணக்கைப் பார்க்கத் தயாராக இல்லை. ஊரில் குழாய் வேலை செய்பவரிடம் ஒன்றேகால் அங்குல பி.வி.சி. குழாயில் ஒரு சாண் துண்டு வாங்கி, ஓரத்தைத் தேய்த்து, கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் மாட்டினேன். அந்த உருளையைவிடச் சற்று அகலம், நல்லதுதான். குழாய்க்குள் விழுந்துவிடும் எதுவும் எல்.கே.ஜி. குழந்தைகளின் கையில் தனியாகப் போகாது. பென்சில் மூடி விழுந்தது. சட்டைப் பொத்தான், மணி, நான் வருடக்கணக்காக வைத்திருந்த அழகான கூழாங்கற்கள் எல்லாமே விழுந்தன.

அப்படியானால் சிறு குழந்தைகளுக்கு விதையே இல்லையா? பெரிய விதைகள் இருக்கின்றன. மாங்கொட்டை, பனங்கொட்டை, முழுத் தேங்காய், உலர்ந்த வாகைக் காய், முருங்கை நெற்று. மாங்கொட்டையின் நாரும் பனங்கொட்டையின் நாரும் தொடுவதற்கு எவ்வளவு வேறாக இருக்கின்றன என்பது கண்ணைக் கட்டிக்கொண்டு தடவும்போதுதான் தெரியும். உலர்ந்த வாகைக் காயை ஆட்டினால் வரும் சலசலப்புக்கு எந்தக் கிலுகிலுப்பையும் ஈடாகாது. அதை உடைக்காமல் வைத்திருப்பதுதான் பாடு. சிறு விதைகளைத் தெளிவான பாட்டிலில் போட்டு, மூடியைப் பசை வைத்து ஒட்டிவிட்டேன். பயறும் புளியங்கொட்டையும் வேறு வேறு ஒலி எழுப்புவதைக் கேட்டு எது எது என்று சொல்வது எல்.கே.ஜி.யில் இப்போது பெரிய விளையாட்டு. யு.கே.ஜி.க்குப் புளியங்கொட்டை தொடர்கிறது. ஒரு நேரத்தில் நான்கு குழந்தைகள், நான் பாயில் அவர்களோடு. எண்ணிக் கொடுத்து எண்ணி வாங்குவேன். கைபேசி மேசையில் கவிழ்ந்து கிடக்கும். வருகைப் பதிவைக் குழந்தைகள் உட்காருமுன்னரே முடித்துவிடுகிறேன். எண்ணி வாங்கும் வேலையும் பாதி எனக்கு மிச்சம். ஆளுக்கு ஐந்து இருக்கிறதா என்று அவர்களே ஒருவர் மற்றவரைச் சோதிக்கிறார்கள்.

அந்த அம்மாவை நானே போய்ப் பார்த்தேன். சமாதானம் சொல்லப் போகவில்லை, விதைக்குப் பருப்பு எப்படிப் பொறுக்குவது என்று குழந்தைகளுக்குக் காட்ட முடியுமா என்று கேட்கப் போனேன். யோசித்தார். பிறகு ஒரு வெள்ளிக்கிழமை முறத்தோடு வந்தார். தோல் உரிந்தது ஆகாது, சுருங்கியது ஆகாது, ஓட்டை விழுந்தது ஆகாது என்று ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பருப்பின் கூர்முனையைத் தொட்டு, "இது மூக்கு. இது ஒடஞ்சா மொளைக்காது" என்றார். குழந்தைகள் எல்லோரும் அவர் மகனைத் திரும்பிப் பார்த்தார்கள். அவன் மூக்கைப் பிடித்துக்கொண்டான். அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. முறத்திலிருந்ததை யு.கே.ஜி. குழந்தைகள் விதைக்கு ஆகும், ஆகாது என்று இரண்டாகப் பிரித்தார்கள். நான் புதன்கிழமை செய்ய வைத்த வகைப்படுத்தலோடு ஒப்பிட்டால் இதில் ஒரு காரணம் இருந்தது. தவறாகப் பிரித்தால் ஒரு குழி வீணாகும்.

போகும்போது, "இருந்தாலும் நோட்டுல ஒரு பக்கமாச்சும் எழுத வையுங்க டீச்சர்" என்றார். அவர் சொல்வதையும் தள்ளிவிட முடியாது. ஊரில் பலருக்கு நோட்டுதான் பள்ளிக்கூடம் நடக்கிறது என்பதற்குச் சாட்சி. யு.கே.ஜி.க்கு நாள்தோறும் பத்து நிமிடம் எழுத்து என்று வைத்திருக்கிறேன். அன்றைய செயல்பாட்டிலிருந்து ஒரு சொல் மட்டும்: விதை, மண், ஓடு. எல்.கே.ஜி. சிமெண்ட் தரையில் சாக்பீஸால் பெரிதாக வளைக்கிறது. செயல்பாடு நடந்த நாளில் நோட்டில் நானும் இரண்டு வரி எழுதி அனுப்புகிறேன், இன்று உங்கள் மகள் ஐந்தை மூன்றும் இரண்டுமாகப் பிரித்தாள் என்பது போல. படிக்கத் தெரியாத வீடுகளில் மூத்த பிள்ளைகள் படித்துச் சொல்கிறார்கள்.

குழாயைக் குழந்தைகள் தங்கள் சொத்தாக ஆக்கிக்கொண்டுவிட்டார்கள். கையில் கிடைத்ததையெல்லாம் கொண்டுபோய்ப் போட்டுப் பார்க்கிறார்கள். முட்டை நாளன்று உதவியாளர் அக்காவிடம் கெஞ்சி அவித்த முட்டை வாங்கிச் சோதித்தான் ஒருவன். போகவில்லை.

ஐப்பசியில் மழை வாரம் வைக்கலாம் என்று இருக்கிறேன். மிதப்பது, மூழ்குவது, ஒழுகுவது, ஊறுவது என்று தண்ணீரில் செய்ய நிறைய இருக்கிறது. தண்ணீரில் ஆபத்து வேறு மாதிரி, அதை அளக்கக் குழாய் உதவாது. இப்போதைக்கு இரண்டு விதி எழுதி வைத்திருக்கிறேன். தொட்டியில் நான்கு விரற்கடைக்கு மேல் தண்ணீர் கூடாது. உதவியாளர் அக்காவும் நானும் இருவரும் உட்கார்ந்த பிறகுதான் தொட்டி வெளியே வரும், குழந்தைகள் எழுவதற்கு முன் அதைக் கவிழ்த்துவிட வேண்டும். வேறு பள்ளிகளில் தண்ணீர்ச் செயல்பாடு செய்து பார்த்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், ஐப்பசிக்கு இன்னும் நாள் இருக்கிறது.